நுரையீரல் தேறிய பின்னும் மூட்டுகள் ஏன் வலிக்கின்றன?

கேள்வி: கோத்தகிரி அருகே எங்கள் சிறு தேயிலைத் தோட்டத்தில் நானே இலை பறிக்கிறேன், வயது 46. தொடர் இருமலுக்காகக் கோயம்புத்தூரில் காட்டியபோது முதலில் காசநோய் என்று சந்தேகித்தார்கள். பிறகு நெறிக்கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதித்து (பயாப்ஸி), நுரையீரல் முதலிய உறுப்புகளில் அழற்சியை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் நோய் என்று உறுதி செய்தார்கள். ஓராண்டாகப் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். நுரையீரல் தேறிவிட்டது என்கிறார்கள். ஆனால் மாத்திரையின் அளவைக் குறைத்ததிலிருந்து கணுக்கால், முழங்கால், கைவிரல்கள் எல்லாம் வலிக்கின்றன. மலைக் குளிர்தான் காரணம் என்கிறார்கள் வீட்டில். மருந்துக் கடையில் எலும்புத் தேய்மானம் என்று சொல்லி, கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். யார் சொல்வதை நம்புவது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, முதலில் அந்தக் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவற்றை உங்கள் மருத்துவர் எழுதித் தரவில்லை என்றால், இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள். வைட்டமின் டி முழு வீரியம் பெறுவது வழக்கமாகச் சிறுநீரகத்தில், உடலின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு. சார்காய்டோசிஸில் உண்டாகும் கிரானுலோமா என்னும் நுண்ணிய அழற்சித் திரள்களோ எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் அதைத் தாமே வீரியப்படுத்திவிடுவதால், சிலருக்கு இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகக் கல்லும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படுகின்றன. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மலச்சிக்கல், காரணமில்லாத சோர்வு ஆகியவை இருந்தால் தாமதம் வேண்டாம். நீண்டகாலம் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பைக் காக்கும் சிகிச்சை தேவைப்படலாம் என்பதும் உண்மையே. ஆனால் அதைப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

இனி வலிக்கு வருவோம். சார்காய்டோசிஸ் உள்ளவருக்கு மூட்டு வலித்தால், நோயே மூட்டுக்கு வந்திருக்கலாம். மருந்தினால் வலி வந்திருக்கலாம். இந்நோயோடு தொடர்பில்லாத வேறொரு மூட்டு நோயும் சேர்ந்திருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு என்பதால், எது என்று பிரித்தறியாமல் வலி மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

நோயின் தொடக்கத்திலேயே இரு கணுக்கால்களும் வீங்கி, முழங்காலுக்குக் கீழே சிவந்த, தொட்டால் வலிக்கும் முடிச்சுகள் தோன்றும் வகை ஒன்று உண்டு. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் லோஃப்கிரென் 1940-களில் விவரித்த இவ்வகை, பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். உங்களுக்கோ ஓராண்டுக்குப் பிறகு, மருந்தைக் குறைக்கும்போது வலி வந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் இறுகியிருந்து, நடமாட நடமாட இளகினால், கூடவே வீக்கமும் வெப்பமும் இருந்தால், அழற்சி மீண்டும் தலைதூக்குகிறது என்று ஐயுற வேண்டும். வீக்கமே இல்லாமல் தசையும் மூட்டும் ஒருசேர வலித்து, அசதியும் தலைசுற்றலும் இருந்தால், ஸ்டீராய்டு குறைவதை உடல் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று பொருள் கொள்ளலாம். அப்போதும் மாத்திரையை நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம். தொடை இடுக்கில் வலி தோன்றி நடக்கும்போது கூடினால், அதைத் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். ஸ்டீராய்டினால் இடுப்பு மூட்டின் எலும்புக்கு இரத்த ஓட்டம் குன்றும் நிலை உண்டு. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மட்டுமே அது தெரியக்கூடும்.

குளிரைப் பற்றி உங்கள் வீட்டார் சொல்வதில் ஒரு பகுதி சரி. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், பனி இறங்கும் காலையில் வலி கூடுதலாக உறைக்கும். சுமையோடு சரிவில் இறங்குவதும் முழங்காலை வருத்தும். ஆனால் குளிர் மட்டும் மூட்டை வீங்க வைக்காது.

உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம். தேவைப்பட்டால் கோயம்புத்தூரில் மூட்டு அழற்சி நோய்களுக்கான ருமட்டாலஜி நிபுணரைப் பார்க்கலாம். பயாப்ஸி அறிக்கையையும், எந்த மாதத்தில் எத்தனை மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டீர்கள் என்ற குறிப்பையும் கையோடு கொண்டு செல்லுங்கள். கால்சியம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், யூரிக் அமிலம், தைராய்டு, முடக்குவாதத்துக்கான ஆன்டி சி.சி.பி. ஆகிய பரிசோதனைகள் பற்றிக் கேளுங்கள். நுரையீரல் மருத்துவர் நுரையீரலை மட்டும் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னால், மூட்டுவலி உங்கள் கற்பனை என்று ஆகிவிடாது. கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இந்நோய் கண்ணையும் இதயத்தையும் தொடக்கூடியது.

கேள்வி: சார்காய்டோசிஸ் மூட்டுவலிக்காக என் கணவருக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருக்கிறார்கள். அது புற்றுநோய் மருந்து என்று கேள்விப்பட்டதிலிருந்து மிகவும் பயமாக இருக்கிறது.
– வாசகி, கொடைக்கானல்

பதில்: புற்றுநோய்க்கு அதே மருந்தை மிகப் பெரிய அளவில் தருகிறார்கள், மூட்டு அழற்சிக்குத் தருவது வாரத்துக்கு ஒரே நாள், சிறிய அளவு. ஸ்டீராய்டின் தேவையைக் குறைப்பதே இங்கு அதன் வேலை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பயப்பட வேண்டியது மருந்தின் பெயருக்கு அல்ல, அதைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டுவிடுவதற்கு. அப்படிச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. ஆகவே எந்தக் கிழமை என்று முடிவு செய்து அட்டைமேல் எழுதி வையுங்கள்; ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளில் கொடுங்கள். இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தவறவிட வேண்டாம். மது அறவே கூடாது. வாய்ப்புண், காய்ச்சல், புதிதாக மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அங்கே இருப்பவர் புதிய மருத்துவர் என்றால், மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறார் என்பதை முதலில் சொல்லுங்கள்.