கையில் அதிகப் பணம் இல்லாமல் பர்சனல் பிராண்டை (தன் பெயருக்கென ஒரு தொழில் அடையாளத்தை) உருவாக்க முடியுமா? எதற்குச் செலவிடலாம், விளம்பரம் கொடுக்கலாமா?

முடியும். ஃப்ரீலான்சர்களை, அதாவது தனியாக இயங்கி வேலை செய்து தருபவர்களை, தேர்ந்தெடுத்து அவர்களிடம் வேலையை ஒப்படைப்பது என் பணியின் ஒரு பகுதி என்பதால், பிராண்டை உருவாக்குபவரின் பக்கத்திலிருந்து பார்க்காமல், அதைப் பார்த்து முடிவெடுப்பவரின் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். லோகோ அழகாக இருக்கிறது என்பதற்காக நான் யாரையும் தேர்ந்தெடுத்ததில்லை. இவர் குறிப்பாக என்ன செய்வார், அதை முன்பு செய்ததற்கு என்ன சான்று இருக்கிறது என்ற இரண்டைத்தான் முதலில் தேடுகிறேன். இவ்விரண்டையும் காட்டுவதற்கு ஏறக்குறைய எந்தச் செலவும் ஆகாது. ஆனால் நேரமும் பொறுமையும் நிறையவே ஆகும்.

நான் பார்க்கும் சுயவிவரங்களில் பெரும்பாலானவை 'கடின உழைப்பும் ஆர்வமும் மிக்க பன்முகத் திறமையாளர்' என்ற வகையில்தான் தொடங்குகின்றன. இதைப் படித்துவிட்டு அவரிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்று எனக்குப் புரிவதில்லை. அதற்குப் பதிலாக, 'சிறு நிறுவனங்களின் சிதறிக் கிடக்கும் விற்பனைக் கணக்குகளை எக்செலில் ஒழுங்குபடுத்தி, மாதாந்திர அறிக்கையாகத் தருகிறேன்' என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்தத் தேவை எழும்போது அவருடைய பெயர்தான் நினைவுக்கு வரும். வட்டத்தைச் சுருக்கினால் வாய்ப்புகள் குறைந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் அறிமுகமில்லாதவரின் மனத்தில் ஒரு பெயர் பதிவது, ஏதாவது ஒரு வேலையோடு சேர்ந்து பதியும்போதுதான்.

அடுத்தது சான்று. மேற்சொன்ன எக்செல் நிபுணரையே எடுத்துக்கொள்வோம். கற்பனைத் தரவுகளைக் கொண்டு குழப்பமான ஓர் அட்டவணையை அவரே தயாரிக்கலாம்: ஒரே வாடிக்கையாளரின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும், சில தேதிகள் எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்தாகப் பதிவாகியிருப்பதால் வரிசைப்படுத்தும்போது இடம் மாறி நிற்கும், 03/04/2024 என்பது ஒரு கணினியில் ஏப்ரல் 3 என்றும், வட்டார அமைப்பு வேறாக உள்ள இன்னொரு கணினியில் மார்ச் 4 என்றும் வாசிக்கப்படும். இவற்றை எப்படிக் கண்டுபிடித்தார், எந்த வரிசையில் சரிசெய்தார், ஏன் அப்படிச் செய்தார் என்பதை முன், பின் படங்களோடு ஒரு கட்டுரையாக எழுதினால், அதே சிக்கலில் மாட்டிக்கொண்டு இணையத்தில் தேடுபவர் அவரிடம் வந்து சேர்வார். உண்மையான வாடிக்கையாளரின் தரவை, பெயரை மறைத்தும்கூட, அனுமதியின்றிக் காட்ட வேண்டாம். அப்படிக் காட்டுபவரிடம் என்னுடைய கோப்புகளைக் கொடுக்க நான் தயங்குவேன். வேலை முடிந்து வாடிக்கையாளர் மனநிறைவோடு இருக்கும் நாளிலேயே, எந்தச் சிக்கல் தீர்ந்தது என்பதைக் குறிப்பிட்டு இரண்டு வரி பரிந்துரை எழுதித் தருமாறு கேட்டுவிடுவது நல்லது. பல மாதங்கள் கழித்துக் கேட்டால் 'நல்ல மனிதர்' என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது.

பணம் செலவிட்டே ஆக வேண்டிய இடம் என்று நான் கருதுவது ஒன்றுதான்: உங்கள் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி. ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையப்பக்கச் சேவை 2009இலும், ஆர்குட், கூகுள் பிளஸ் ஆகிய சமூக வலைத்தளங்கள் முறையே 2014இலும் 2019இலும் மூடப்பட்டபோது, அங்கே ஆண்டுக்கணக்கில் பெயர் சேர்த்தவர்கள் தங்கள் வாசகர்களை வேறிடத்துக்குக் கூட்டிச்செல்ல வழியின்றி நின்றார்கள். டொமைன் உங்களுடையதாக இருந்தால், தளத்தை எங்கே மாற்றினாலும் முகவரி மாறாது. அதைப் பதிவு செய்யும்போது, முதல் ஆண்டுச் சலுகை விலையை மட்டும் பார்க்காமல் புதுப்பிப்புக் கட்டணத்தையும் பாருங்கள். பல நிறுவனங்களில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. வடிவமைத்துத் தருபவரின் கணக்கில் அல்லாமல் உங்கள் கணக்கிலேயே பதிவு செய்து, தானியங்கிப் புதுப்பிப்பையும் இயக்கி வையுங்கள். தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவைக்குத் தொடக்கத்தில் பணம் தேவையில்லை. பிளாக்கர், கிட்ஹப் பேஜஸ் ஆகிய இரண்டு இலவசச் சேவைகளுமே சொந்த டொமைனை இலவசமாக இணைத்துக்கொள்ள விடுகின்றன. ஆனால் இணையக் கடை நடத்துவதற்கு கிட்ஹப் பேஜஸின் விதிகள் இடம் தருவதில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். சுயவிவரப் படத்தை, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுமாறு நின்று கைப்பேசியில் எடுத்தாலே போதும். எழுத்துருக்களை கூகுள் ஃபாண்ட்ஸில் எடுத்துக்கொள்ளலாம். வணிகப் பயன்பாட்டுக்கும் அவை இலவசம். படங்களைத் தேடலில் கண்டபடி எடுத்து ஒட்டாதீர்கள். பிறர் பயன்படுத்தப் படைப்பாளரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும், 'என்சி' (NC) என்ற குறிப்பு இருந்தால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வீடியோ செய்பவராக இருந்தால் கேமரா வாங்குவதற்கு முன் ஒரு காலர் மைக் வாங்குங்கள், ஏனென்றால் சுமாரான படத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூட இரைச்சலான ஒலியைப் பொறுத்துக்கொள்வதில்லை. பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்: ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் பக்கத்தில் ஒரு பதிவுக்கு மூன்று விருப்பக்குறிகள் மட்டும் இருந்தால், எங்களைப் போன்றவர்களுக்கு விஷயம் உடனே புரிந்துவிடும்.

விளம்பரத்தைப் பொறுத்தவரை, இப்போதைக்கு வேண்டாம் என்பேன். பணம் நிற்கும் அன்றே வருகையும் நின்றுவிடும். அதற்குள் வந்து போனவர்கள் பார்ப்பதற்கு உங்கள் தளத்தில் எதுவும் இல்லையென்றால் செலவழித்தது வீண்தான். நான்கைந்து நல்ல மாதிரிகள் சேர்ந்த பிறகு, கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியை உங்கள் தளத்தோடு இணைத்து, எந்தச் சொற்களைத் தேடி மக்கள் எந்தக் கட்டுரைக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். அதற்கும் கட்டணம் கிடையாது. தானாகவே ஆட்களைக் கொண்டுவரும் கட்டுரை எதுவென்று தெரிந்த பின், அந்த ஒன்றுக்கு மட்டும் இழந்தாலும் வருந்தாத அளவுக்குச் சிறிய தொகையைப் போட்டுப் பார்க்கலாம்.