வால்மீனின் கரு பனிக்கட்டியா, பாறையா? அது எங்கிருந்து வந்தது?

பனியும் இருக்கிறது, தூசும் இருக்கிறது. ஆனால் இரண்டையும்விட அதிகமாக அங்கே இருப்பது வெற்றிடம். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் அந்த வெற்றிடத்தை வைத்தே பதில் சொல்லலாம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் 67பி சுர்யுமோவ்-ஜெராசிமெங்கோ. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ரொசெட்டா விண்கலம் 2014 ஆகஸ்டிலிருந்து 2016 செப்டம்பர் வரை இந்த வால்மீனின் கூடவே பயணித்தது. நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள கரு அது; பெரிதும் சிறிதுமாக இரண்டு பாதிகள் ஒட்டிய வடிவம். எடையையும் கன அளவையும் வைத்துக் கணக்கிட்டால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 533 கிலோ, அதாவது தண்ணீரில் ஏறக்குறைய பாதி. உள்ளே 70 சதவீதத்துக்கு மேல் காலி. பெரிய குகைகள் இருக்குமோ என்று சிறிய பாதியின் ஊடே ரேடியோ அலைகளைச் செலுத்திப் பார்த்தார்கள், அப்படி எதுவும் தென்படவில்லை. துகளுக்கும் துகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அத்தனையும்.

ரொசெட்டா கொண்டுபோன பிலே என்ற சின்ன தரையிறங்கி 2014 நவம்பர் 12 அன்று அங்கே இறங்கி, நிற்க முடியாமல் எகிறிப் போனது. போகிற வழியில் ஒரு பாறைக்கட்டியின்மேல் அழுந்திய தடத்தைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டியின் உட்புறம் காபி நுரையைவிட மென்மை என்று 2020இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆனால் பிலே கடைசியில் போய் நின்ற இடத்தில் அதன் சுத்தியல் கருவியால் தரையைத் துளைக்கவே முடியவில்லை. ஒரே கருவில் இரண்டு குணமும் இருப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

மேற்பரப்பு கன்னங்கரேல் என்று இருக்கும். விழுகிற ஒளியில் 6 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது, காரணம் கரிமம் கலந்த தூசுப்போர்வை. பனி அதற்கு அடியில். 2015 ஜூலையில் அஸ்வான் என்று பெயரிட்ட செங்குத்துச் சரிவு இடிந்து விழுந்தபோது, உடைந்த முகத்தில் தண்ணீர்ப்பனி பளிச்சென்று தெரிந்தது.

சரி, பிறப்பு. கருவின் இரண்டு பாதிகளும் கழுத்துப் பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் அடுக்குகளும் தனித்தனி மையத்தைச் சுற்றி அமைந்திருப்பதால், தனித்தனியாக உருவான இரண்டு கருக்கள் மிக மெதுவாக மோதி ஒட்டியவை என்று தெரிகிறது. வேகமாக மோதியிருந்தால் அந்த இடைவெளிகள் நசுங்கியிருக்கும். பெரிய உடலாக இருந்து உள்ளே சூடேறியிருந்தாலும், இன்றும் அதிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜனும் எப்போதோ ஓடிப்போயிருக்கும். பெரிய உடல்கள் சிதறிய துண்டுகள் மறுபடி கூடியவைதான் இவை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியனிலிருந்து வெகுதொலைவில், குளிரில் மெல்லச் சேர்ந்த பொருள் என்பதே சான்றுகளுக்கு நெருக்கமான விளக்கம்.

67பி போன்ற குறுகிய காலச் சுற்றுள்ளவை நெப்டியூனுக்கு அப்பாலிருந்து வருகின்றன, நீண்ட காலச் சுற்றுள்ளவை சூரியக் குடும்பத்தை வெகுதொலைவில் சூழ்ந்திருக்கும் பனிப்பொருள் கூட்டமான ஊர்ட் மேகத்திலிருந்து. 67பியை இப்போதைய பாதைக்கு இழுத்துவிட்டது 1959இல் வியாழனோடு ஏற்பட்ட நெருக்கம்.

ஒன்று மட்டும் இந்தக் குளிர்க்கதையில் எளிதாக அடங்காது. ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்ட் 2 வால்மீனிலிருந்து 2006இல் கொண்டுவந்த தூசில், கடும் வெப்பத்தில் மட்டுமே உருவாகும் கனிமங்கள் இருந்தன. அவை சூரியனுக்கு அருகே பிறந்து, கோள்கள் உருவாகும் முன்பே வெளிவிளிம்புவரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.