கழுதை ஆட்டம்: வாசகர் கேள்வி – பதில்

சீட்டுக்கட்டில் 'கழுதை' ஆட்டம் பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த அண்ணன் பிள்ளைகள் முதல் சுற்றில் வெட்டு கிடையாது என்கிறார்கள். எங்கள் வீட்டில் முதல் சுற்றிலேயே வெட்டுவோம். சண்டை முற்றியதில் சீட்டுக்கட்டை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டேன். எது சரி? – வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: முதலில் பீரோவைத் திறந்து சீட்டைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு விதமாகவும் ஆடுகிறார்கள், ஆனால் நான் அண்ணன் பிள்ளைகள் பக்கம்தான். ஏன் என்று சொல்ல ஆட்டத்தையே கொஞ்சம் சொல்ல வேண்டும். 52 சீட்டையும் மிச்சமில்லாமல் பிரித்துப் போடுகிறோம், இஸ்பேட் ஆஸ் வந்தவர் அதை இறக்கி ஆரம்பிக்கிறார், மற்றவர்கள் வரிசையாக இஸ்பேடே போட வேண்டும். எல்லோரும் அதே இனத்தில் போட்டுவிட்டால் அந்தச் சுற்றைக் கவிழ்த்து ஒதுக்கிவிடலாம், பெரிய சீட்டு போட்டவர் அடுத்ததை இறக்குவார். யாரிடமாவது அந்த இனம் இல்லையென்றால் அவர் வேறு ஏதாவது போட்டு வெட்டுவார், ஆட்டம் அங்கேயே நின்று, அதுவரை பெரிய சீட்டு போட்டிருந்தவர் கீழே கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு அவரே மறுபடி இறக்க வேண்டும். கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவர் கழுதை. சரி, இப்போது பாருங்கள்: இஸ்பேட் ஆஸ் வந்தவருக்கு அதைப் போடுவதைத் தவிர வேறு வழியே இல்லை, அதைவிடப் பெரிய இஸ்பேடும் கிடையாது. அப்படியிருக்க முதல் சுற்றிலேயே வெட்டி அவரை அள்ள வைத்தால், அவர் யோசித்துத் தப்பிக்க இடமே இல்லை. அதனால் முதல் சுற்றில் இஸ்பேட் இல்லாதவர் எதையாவது போடட்டும், எல்லோரும் போட்டு முடித்ததும் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: எப்போதும் நான்தான் கழுதை. பெரிய சீட்டையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டு சின்னதாகப் பார்த்துத்தான் போடுகிறேன், அப்படியும் தோற்கிறேன். – பள்ளி மாணவன், செவ்வாய்ப்பேட்டை

பதில்: தம்பி, அப்படி வைத்துக்கொள்வதால்தான் தோற்கிறாய்! இந்த ஆட்டத்தில் பெரிய சீட்டு சொத்து இல்லை, சுமை. அதை முதலில் தள்ளிவிடு. கணக்கு இதுதான்: ஓர் இனத்தில் 13 சீட்டு. நாலு பேர் ஆடினால் முதல் சுற்றில் நாலு போகும், இரண்டாவதில் நாலு போகும், மிச்சம் 5. மூன்றாவது சுற்று வெட்டு விழாமல் முடிய வேண்டுமென்றால் அந்த 5 சீட்டும் நாலு பேரிடமும் பரவியிருக்க வேண்டும், அது அபூர்வம். ஆகவே ஆஸும் ராஜாவும் முதல் இரண்டு சுற்றுக்குள் போய்விட வேண்டும். ஆறு பேர் ஆடினால் இன்னும் மோசம், இரண்டாவது சுற்றுக்கே 7 சீட்டுதான் மிச்சம், பெரியதை முதல் சுற்றிலேயே தொலைத்துவிடு. உனக்கு முன்னால் ஒருவர் ராஜா போட்டிருந்தால் உன் ராணியைத் தயங்காமல் போடு, வெட்டு விழுந்தாலும் அள்ளப்போவது அவர்தான். நீ வெட்டும்போது, ஏற்கெனவே இரண்டு சுற்று போன இனத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் ஆஸைத் தூக்கிப் போடு.

அப்புறம் முக்கியமானது, அள்ளுகிறவர் கைக்கு என்னென்ன போகிறது என்று கவனி. எல்லோர் கண்ணெதிரிலும்தான் அது நடக்கிறது, ஆனால் பாதிப் பேர் தன் கையைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அவர் உனக்கு அடுத்து போடுகிறவராக இருந்து, உன்னைத் தவிர இனி அவரிடம் மட்டும்தான் ஆர்ட்டின் பாக்கி என்று தெரிந்தால், உன்னிடமுள்ள சின்ன ஆர்ட்டினை இறக்கு, அவர் பெரியதைப் போட்டாக வேண்டும், அடுத்தவர் வெட்டுவார், மறுபடியும் அவரே அள்ளுவார். உன்னிடம் மட்டுமே பாக்கியுள்ள இனத்தை இறக்கினால் இதே கதி உனக்கு.

கேள்வி: மழையில் கரண்ட் போனால் எங்களுக்கு இந்த ஆட்டம்தான். கடைசிச் சீட்டாக ஆஸ் போட்டு ஒருவர் சுற்றைப் பிடித்துவிட்டார், வெட்டும் விழவில்லை. கையில் ஒன்றுமில்லாதவர் அடுத்து எதை இறக்குவார்? – காபி எஸ்டேட் வாசகர், ஏற்காடு

பதில்: பல வீடுகளில் அவரைத் தப்பித்ததாக விட்டுவிட்டு அடுத்த ஆளை இறக்கச் சொல்வார்கள். பஞ்சாபில் இதே ஆட்டத்தை 'பாபி' என்று ஆடுகிறவர்களிடம் வேறு பழக்கம் உண்டு: ஒதுக்கிய குவியலிலிருந்து ஒரு சீட்டைப் பார்க்காமல் உருவி அவர் இறக்க வேண்டும். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. கடைசியில் ஆஸ் வைத்திருந்தால் ஆபத்து என்றாகிவிடுவதால், வெளியேறுவதற்கென்று ஒரு ரெண்டையோ மூன்றையோ பத்திரப்படுத்த வேண்டியிருக்கும். சின்னக் குழந்தைகள் கூட ஆடினால் மட்டும் முதல் முறையே போதும்.

கேள்வி: ஒதுக்கிய சீட்டைப் புரட்டிப் பார்க்கலாமா? – வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: கூடவே கூடாது. எது போயிற்று என்று நினைவில் வைப்பதுதான் இந்த ஆட்டமே, பார்க்க விட்டால் மிஞ்சுவது வெறும் அதிர்ஷ்டம்.

கேள்வி: யூனோவும் இதுவும் ஒன்றா? – கல்லூரி மாணவி, ஐந்து ரோடு

பதில்: கையைக் காலி செய்வது இரண்டிலும் உண்டு, அதோடு சரி. யூனோ 1971-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துநர் உருவாக்கியது. அதில் நிறமோ எண்ணோ பொருந்தினால் போதும், பெரிய சீட்டு போட்டவர் அள்ளுவது என்ற பயமே கிடையாது. நம் ஆட்டத்தின் ருசி அந்தப் பயத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: கல்யாண வீட்டில் எட்டுப் பேர் சேர்ந்துவிடுகிறோம். ஒரு கட்டு போதுமா? – வாசகர், சூரமங்கலம்

பதில்: போதாது. எட்டுப் பேருக்கு ஓர் இனம் முழுதாக ஒரே ஒரு சுற்றுதான் வரும், அப்புறம் வெட்டுக்கு மேல் வெட்டு, யோசிக்க ஒன்றுமே இருக்காது. இரண்டு கட்டைக் கலந்தால் இனத்துக்கு 26 சீட்டு, மூன்று சுற்று வரை ஓடும். இரண்டு கட்டுக்கும் முதுகு ஒரே மாதிரி இருக்கட்டும். தட்டுவடை செட்டைச் சாப்பிட்டுக்கொண்டே ஆடாதீர்கள், முதுகில் சட்னிக் கறை பட்ட சீட்டு எது என்று அடுத்த ஆட்டத்தில் எட்டுப் பேருக்கும் தெரிந்துவிடும். ஒரே சீட்டு இரண்டு விழுந்தால் பின்னால் போட்டவருடையதே பெரியது என்று வையுங்கள், முன்னால் கிடப்பதைப் பார்த்துவிட்டுத்தானே அவர் போடுகிறார். இஸ்பேட் ஆஸ் இரண்டு இருக்குமே என்றால், சீட்டைப் பிரித்துப் போட்டவருக்கு அடுத்த ஆளிலிருந்து எண்ணிக்கொண்டு போய் யாரிடம் முதலில் வருகிறதோ அவர் ஆரம்பிக்கட்டும்.