க்ரூஸ் கிராமத்து வீட்டை வாங்கலாமா, வாடகைக்கே போய்வரலாமா?

கேள்வி: நாங்கள் பாரிஸ் புறநகரான லா கூர்நேவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு உணவகச் சமையலறையில் வேலை, எனக்குப் பாடசாலைக் கன்ரீனில். பிள்ளைகளுக்கு 11, 7 வயது. சில வருடங்களாகவே பாடசாலை விடுமுறைக்கு நடு பிரான்ஸின் க்ரூஸ் மாவட்டத்தில், லா சூத்தெரேன் என்ற சிறு நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரே வீட்டை எடுத்துத் தங்குகிறோம். ஆகஸ்ட்டில் ஒரு வாரம் 620 யூரோ. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் ஒவ்வொரு வாரம், தலா 350. பிள்ளைகளுக்கு அந்த ஊர் என்றால் உயிர். இப்போது அதே தெருவில் ஒரு கல் வீடு 58,000 யூரோவுக்கு விலைக்கு வந்திருக்கிறது. எங்கள் சேமிப்பு 40,000. மிச்சத்துக்குக் கடன் எடுத்து வாங்கி, நாங்கள் போகாத நாட்களில் வாடகைக்கு விட்டால் கடன் தானாக அடைந்துவிடும் என்கிறார் அண்ணா. பாதிப் பங்கு போடவும் அவர் தயார். இன்னும் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி, இப்போது வேண்டாம். அந்த ஊருக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஓர் ஊர் சொந்தம்போல ஆவது பெரிய விஷயம், அதற்குச் செலவழிக்கும் காசை வீண் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொந்தத்தை உங்களுக்கு இப்போது தருவது வருடத்துக்கு 1,320 யூரோ வாடகை. வீடு வாங்கினால் அதே மூன்று வாரத்துக்கு என்ன செலவாகும் என்று பார்ப்போம்.

58,000 என்பது விளம்பரத்தில் உள்ள விலை. பழைய வீடுகளுக்கு நொத்தேர் செலவு (சொத்துப் பத்திரம் எழுதும் அதிகாரியிடம் கட்டும் வரியும் கட்டணமும்) பொதுவாக விலையில் 7 முதல் 8 வீதம். விலை குறைந்த வீடுகளில் இந்த வீதம் ஏறும், ஏனென்றால் அதில் ஒரு பகுதி விலையோடு சேர்ந்து குறைவதில்லை. 10 வீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆக, சாவி கைக்கு வரும்போது 64,000 யூரோ போயிருக்கும். சேமிப்பு முழுவதையும் கொட்டினாலும் 24,000 கடன். பத்து வருடத் தவணை என்றால் மாதம் 240 யூரோ அளவில் வரும். அதைக்கூடச் சமாளிக்கலாம். கையில் ஒரு சதமும் மிஞ்சாது என்பதுதான் எனக்குப் பயம்.

அடுத்தது வருடாந்தச் செலவு. உரிமையாளர் வரியான தாக்ஸ் ஃபொன்சியேர், ஜனவரி 1 அன்று யார் பெயரில் வீடு இருக்கிறதோ அவருக்கு வரும். குடியிருப்பு வரி 2023 முதல் பிரதான வீட்டுக்கு இல்லாமல் போனதால், அது ஒழிந்துவிட்டது என்றே நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். இரண்டாம் வீட்டுக்கு அது இன்னும் உண்டு. விற்பவரிடம் இரண்டு ரசீதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இவற்றோடு காப்புறுதி, நீங்கள் போகாத மாதங்களுக்கும் வரும் மின்சார, தண்ணீர் நிலைக்கட்டணம், விறகு, புகைபோக்கி துப்புரவு, புல் வெட்டக் கூலி, கூரைக்கு என்று ஒதுக்க வேண்டிய சிறு தொகை எல்லாம் சேர்த்தால், என் கணக்கில் வருடம் 2,500 யூரோவுக்குக் குறையாது. கடன் தவணை இதில் சேரவில்லை.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள்: கழிவுநீர் ஊர்க் குழாயில் போகிறதா, வீட்டின் சொந்தத் தொட்டிக்குப் போகிறதா? தொட்டி என்றால் விற்பவர் மூன்று வருடத்துக்குள் எடுத்த பரிசோதனை அறிக்கையைக் காட்ட வேண்டும். அது விதிப்படி இல்லையென்றால், வாங்கிய ஒரு வருடத்துக்குள் சரிசெய்வது வாங்கியவர் பொறுப்பு. புதிதாக வைத்தால் செலவு 10,000 யூரோவை நெருங்கலாம். மலிவான கிராமத்து வீடுகள் பல மலிவாக இருப்பதற்கு இப்படி ஒரு காரணம் உள்ளே ஒளிந்திருக்கும்.

இனிப் பருவங்களைப் பற்றி. இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். நீங்கள் பார்த்தது ஏப்ரல், ஆகஸ்ட், ஒக்டோபர். ஆகஸ்ட்டில் பிரெஞ்சுக் கிராமம் நிறைந்திருக்கும். பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும், பாரிஸிலிருந்து பேரப்பிள்ளைகள் வருவார்கள், ஊர்த் திருவிழாவும் தெருவில் பழைய சாமான் சந்தையும் நடக்கும். ஒக்டோபரில் கஸ்தான் (செஸ்நட்) காய்கள் விழும், காட்டில் காளான் பொறுக்கலாம், வேட்டைக்காரரும் இறங்கியிருப்பார்கள். நவம்பரில் அந்தத் தெருவில் எத்தனை ஜன்னல் திறந்திருக்கும்? பிப்ரவரியில் பாண் கடை எந்த நாட்களில் திறக்கிறது, வைத்தியருக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும்? மாதக்கணக்கில் ஆளில்லாத கல் வீடு ஈரத்தைக் குடித்திருக்கும். விறகடுப்பை மூட்டினாலும் சுவர் சூடாக இரண்டு நாள் எடுக்கும், மூன்றாம் நாள் நீங்கள் லா கூர்நேவுக்குக் கிளம்பியிருப்பீர்கள். பனிக்காலத்தில் தண்ணீரை அடைத்து, குழாயில் நிற்பதை வடித்துவிட்டு வர வேண்டும். மறந்தால் உறைந்து குழாய் வெடிக்கும், அதைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்டு சொல்லும்வரை உங்களுக்குத் தெரியாது.

அதனால் வரும் பிப்ரவரி விடுமுறையில், பாரிஸ் பகுதி அடங்கிய சி வலயத்துக்கு லீவு விடும்போது, அதே ஊரில் ஒரு வாரம் இருந்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் அந்த ஆசை உண்மையானது.

வாடகைக்கு விட்டுக் கடனை அடைப்பதாக அண்ணா சொல்வது நல்ல மனதோடுதான், ஆனால் கணக்கு சரிவராது. க்ரூஸில் ஆட்கள் தேடி வருவது ஜூலையும் ஆகஸ்ட்டும்தான். அதே ஆகஸ்ட்டில்தான் உங்களுக்கும் வீடு வேண்டும். சனிக்கு சனி ஆட்கள் மாறும்போது துப்புரவு செய்து சாவி கொடுக்க நாலு மணி நேரத் தூரத்திலிருந்து நீங்கள் போக முடியாது, ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். வரியும் முன்பைப்போல் இலகுவில்லை. நட்சத்திரத் தரச்சான்று பெறாத விடுமுறை வீட்டுக்கு, 2025 வருமானத்திலிருந்து வருடம் 15,000 யூரோ வரைதான், ரசீது காட்டாமல் ஒரு வீதத்தைச் செலவாகக் கழித்து வரி கட்டும் எளிய முறை. அதிலும் செலவு என்று கழிப்பது 30 வீதம் மட்டும். 2034 தொடங்கும்போது இப்படிப்பட்ட வீடுகளின் எரிசக்தித் தரம் (ஏ முதல் ஜி வரை, ஏ சிறந்தது) டி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்று 2024 நவம்பர்ச் சட்டம் சொல்கிறது. பழைய கல் வீட்டை அந்தத் தரத்துக்குக் கொண்டுவருவது சின்ன வேலை இல்லை.

கூட்டாக வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 815ஆம் பிரிவின்படி, கூட்டுச் சொத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நாளை அண்ணாவுக்குக் காசு தேவைப்பட்டால், நீங்கள் அவர் பங்கை வாங்க வேண்டும், இல்லையேல் வீட்டை விற்க நேரும். அங்கே வீடு விற்க வருடக்கணக்கில் ஆகலாம். ஆகஸ்ட் வாரம் யாருக்கு என்ற பேச்சையும் நினைத்துப் பாருங்கள். உறவை இதற்குள் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் 40,000க்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. நீங்கள் இன்னும் வாடகையில் இருக்கிறீர்கள். முதல் தடவை பிரதான வீடு வாங்குவோருக்கான வட்டியில்லாக் கடனுக்கு வருமான நிபந்தனை உண்டு, நீங்கள் அதற்குள் வரக்கூடும். கிராமத்து வீடு அந்தத் தகுதியைப் பறிக்காதுதான். ஆனால் முற்பணம் கரைந்துவிடும். மாதம் 240 யூரோ தவணையும், வருமானத்தில் 35 வீதத்துக்கு மேல் தவணை போகக்கூடாது என்று வங்கி பார்க்கும் கணக்கில் ஏறும். எனவே ஆறு மாதச் செலவை லிவ்ரே ஆ என்ற சேமிப்புக் கணக்கில் தனியாக வையுங்கள். ஒருவருக்கு 22,950 யூரோ வரை போடலாம், வட்டிக்கு வரி இல்லை. வருமானம் பொருந்தினால், குறைந்த வருமானத்தினருக்கான எல்.இ.பி. சேமிப்புக் கணக்கையும் திறவுங்கள், அதன் வட்டி கூடுதல். மீதி உங்கள் சொந்த வீட்டு முற்பணம்.

விடுமுறைக்கு மாதம் 150 யூரோ தனியாகப் போடுங்கள். வருடம் 1,800. இப்போதைய மூன்று வாரத்தோடு பிப்ரவரி வாரத்துக்கும் இது காணும். ஜனவரியிலேயே வீட்டுக்காரரிடம் நாலு வாரத்தையும் சேர்த்து ஒரே விலை பேசுங்கள். பருவமில்லாத நாட்களில் உறுதியான ஆள் கிடைப்பது அவருக்கும் நல்லது, குறைத்துத் தருவார். கணவரின் வேலையிடத்தில் விடுமுறைச் செலவுக்கான காசோலை (ஷெக் வக்கான்ஸ்) தருகிறார்களா என்றும், வீட்டுக்காரர் அதை ஏற்பாரா என்றும் விசாரியுங்கள். காரில் போனால் வியர்சோனிலிருந்து ஏ20 நெடுஞ்சாலையில் சுங்கம் இல்லை. ரயில் என்றால் பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து லா சூத்தெரேனில் நேரே இறங்கலாம்.

மூத்த பிள்ளைக்கு 11 வயது. 15 வயதில் கோடையை எங்கே கழிக்க ஆசைப்படும் என்று இப்போதே சொல்ல முடியாது. நீங்கள் சொந்த வீட்டில் குடியேறிய பிறகும் நாலு பேரும் அந்த ஊருக்கே போக ஆசைப்பட்டால் மறுபடி எழுதுங்கள், அப்போது நானே வாங்கச் சொல்லலாம். அதுவரை விற்பவரோ முகவரோ அவசரப்படுத்தினால், ‘பிப்ரவரியில் வந்து பார்க்கிறோம்’ என்று மட்டும் சொல்லுங்கள். தப்பித் தவறி முன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டால், அது உங்கள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். விலகல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.