தொண்ணூற்றொன்று ஏன் ஏமாற்றியது?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலிருந்தபடியே அப்பளம் இட்டுக் கொடுக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். என் மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். தேர்வில் 1, 51, 57, 91 ஆகியவற்றைப் பகா எண்கள் என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தாள். பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இரண்டே நாளில் 2 முதல் 97 வரை மளமளவென்று ஒப்பித்துவிட்டாள். ஆனால் 87 பகா எண்ணா என்று தனியாகக் கேட்டால் விழிக்கிறாள். மனப்பாடம் தவிர வேறு வழி உண்டா? 1 ஏன் பகா எண் இல்லை என்று அவள் கேட்பதற்கு நான் என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். இந்தப் பாடத்தை உங்கள் மகளுக்குச் சொல்லித் தருவதற்கு வேண்டியவை எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கின்றன. பட்டியலை ஒப்பிக்கும் பிள்ளை தனி எண்ணைக் கேட்டால் விழிப்பதற்குக் காரணம், அவள் அந்த எண்களின் பெயர்களை அறிந்திருக்கிறாளே தவிர, அவை எதனால் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன என்பதை ஒருமுறைகூடக் கண்ணால் கண்டதில்லை என்பதுதான். பல ஆண்டுகள் கணக்கு கற்பித்த நானும் தொடக்கத்தில் பட்டியலைத்தான் முதலில் கொடுத்தேன். அது தவறு என்பதைப் பிள்ளைகளின் விடைத்தாள்களே எனக்குக் காட்டின.

அப்பளம் காயப்போடும்போது மகளைப் பக்கத்தில் அழைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அப்பளங்களைக் கொடுத்து, எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்குமாறு பாயில் பரப்பச் சொல்லுங்கள். வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசை வைப்பாள். நான்காக மூன்று வரிசையும் வைப்பாள். அடுத்து இன்னும் ஒன்றைச் சேர்த்துப் பதின்மூன்றைப் பரப்பச் சொல்லுங்கள். இரண்டிரண்டாக வைத்தாலும் மூன்று மூன்றாக வைத்தாலும் நான்கு நான்காக வைத்தாலும் கடைசியில் ஒன்று துணையில்லாமல் நிற்கும். ஐந்தைந்தாக வைத்தால் மூன்று நிற்கும். ஒரே நீள வரிசையாக வைத்தால் மட்டுமே மிச்சம் இராது. அப்படி ஒற்றை வரிசையைத் தவிர வேறு எந்த ஒழுங்குக்கும் உடன்படாத எண்தான் பகா எண். பகுத்துக் கொடுப்பது என்று நாம் சொல்கிறோமே, அந்தப் 'பகு' என்ற சொல்தான் இதிலும் இருக்கிறது. பகுபடாதது பகா எண், பகுபடுவது பகு எண். பெயரே விளக்கமாக அமைந்திருப்பதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவள் அதை வெறும் பாடப்புத்தகச் சொல்லாக நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

ஒன்பதையும் பதினைந்தையும் இதே முறையில் பரப்பிப் பார்ப்பது நல்லது. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பகா எண்கள் என்ற எண்ணம் பெரும்பாலான பிள்ளைகளிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். மும்மூன்றாக மூன்று வரிசையைக் கண்ணால் பார்த்தவுடன் அது உதிர்ந்துவிடும். இரட்டைப்படை எண்களில் 2 மட்டுமே பகா எண்.

இனி 1-ஐப் பற்றிய கேள்வி. இதைக் கேட்டதற்காக உங்கள் மகளைப் பாராட்டுகிறேன். முற்காலக் கணித அறிஞர்களில் சிலர் 1-ஐப் பகா எண்ணாகவே கொண்டிருந்தார்கள். 1914-இல் லேமர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வெளியிட்ட பகா எண் பட்டியல்கூட 1-இல்தான் தொடங்குகிறது. பிறகு ஏன் விலக்கினார்கள்? எந்தப் பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். 12 என்றால் 2 × 2 × 3. வரிசை மாறலாம், சரக்கு மாறாது. 1-ஐயும் பகா எண் என்று சேர்த்துக்கொண்டால் 1 × 2 × 2 × 3 என்றும், 1 × 1 × 2 × 2 × 3 என்றும் முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம். அந்த ஒழுங்கு குலைந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு இவ்வளவு சொல்லிவிட்டு, பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள், அதாவது அதை மிச்சமில்லாமல் வகுக்கும் எண்கள், இருக்க வேண்டும், 1-க்கு இருப்பது ஒரே காரணி என்று முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, நூறு வரையிலான பட்டியலை அவளே தயாரிக்கட்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்த எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞரின் பெயரால் வழங்கும் சல்லடை முறை அதற்குப் போதும். 1 முதல் 100 வரை, வரிசைக்குப் பத்தாக எழுதி, முதலில் 1-ஐ அடித்துவிட வேண்டும். 2-ஐ வட்டமிட்டு அதன் மற்ற மடங்குகளை எல்லாம் அடிக்க வேண்டும். 3, 5, 7 ஆகியவற்றுக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். மாவை அரித்த பிறகு கப்பி தங்குவதுபோல, அடிபடாமல் தங்குபவை, வட்டமிட்ட நான்கையும் சேர்த்து, 25 எண்கள். அவையே அவள் ஒப்பித்த பட்டியல்.

ஏழோடு நிறுத்துவது ஏன் என்று அவள் கேட்பாள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். 36-ஐ எடுத்துக்கொண்டால் 2 × 18, 3 × 12, 4 × 9, 6 × 6 என்று வந்து, அதற்குப் பிறகு 9 × 4, 12 × 3 என்று பழைய இணைகளே தலைகீழாகத் திரும்பி வருகின்றன. அதுபோல, நூறுக்குட்பட்ட எண் எதுவானாலும், அது பகுபடுமானால் அதன் ஒவ்வொரு காரணி இணையிலும் ஓர் எண்ணாவது பத்தைத் தாண்டாது. இரண்டுமே பத்தைத் தாண்டினால் பெருக்கல் நூறைக் கடந்துவிடும். பத்துக்குள் உள்ள பகா எண்கள் 2, 3, 5, 7 மட்டுமே. ஆகவே தேர்வில் ஓர் எண்ணைப் பார்த்தால் நான்கே கேள்விகள்தாம். இரண்டையும் ஐந்தையும் கடைசி இலக்கமே சொல்லிவிடும்.

மூன்றுக்கு இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கலாம். 87-இல் 8 + 7 = 15; பதினைந்து மூன்றால் வகுபடும், ஆகவே 87-உம் வகுபடும். இதையும் காரணம் தெரியாத சூத்திரமாகக் கொடுத்துவிடாதீர்கள். பத்துப் புளியமுத்துகளை மும்மூன்றாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும்; எட்டுப் பத்துகளில் எட்டு மிஞ்சும்; அதோடு தனியாக உள்ள ஏழைச் சேர்த்தால் பதினைந்து. சுளகில் முத்துகளைக் கொட்டி ஒருமுறை செய்து பார்த்தாளானால் 51-உம் 57-உம் ஏன் தவறாயின என்பதை அவளே சொல்லிவிடுவாள்.

மிஞ்சுவது ஏழு. 91 உங்கள் மகளை மட்டும் ஏமாற்றவில்லை. வகுப்பில் பாதிப் பேரை ஏமாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். நூறு வரையுள்ள ஏழின் மடங்குகளில் 2, 3, 5 ஆகியவற்றால் ஏற்கெனவே அடிபடாமல் எஞ்சுபவை 7-ஐத் தவிர 49, 77, 91 என்ற மூன்றுதான். முதல் இரண்டும் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கும்போது காதில் விழுந்தவை. 91 என்பது 7 × 13. பன்னிரண்டோடு வாய்ப்பாட்டை நிறுத்திவிடும் பிள்ளைக்கு அது எட்டாமலே போகிறது. வீட்டில் பழைய பல்லாங்குழி இருந்தால் எடுத்து வையுங்கள். ஒரு பக்கத்துக்கு ஏழு குழிகள் அல்லவா? 91 புளியமுத்துகளை எண்ணிக் கொடுத்து, அந்த ஏழு குழிகளில் மட்டும் குழிக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பதின்மூன்றாவது சுற்றில், கடைசிக் குழியில் கடைசி முத்து விழும்போது கையில் ஒன்றும் இராது. 89-ஐயும் அதே குழிகளில் போட்டுப் பார்க்கட்டும். பன்னிரண்டு சுற்று முடிந்து ஐந்து முத்துகள் கையில் நிற்கும்.

இவ்வளவும் கைவந்த பிறகு, 101 முதல் 120 வரை அவளைத் தனியே தேடச் சொல்லுங்கள். அடுத்த பகா எண்ணான 11-ஐ அதனாலேயே பெருக்கினால் 121 ஆகிவிடுவதால், அதுவரைக்கும் அதே நான்கு கேள்விகள் போதும். 101, 103, 107, 109, 113 என்று ஐந்து எண்கள் கிடைக்க வேண்டும். ஆறாவதாக 119-ஐயும் எழுதிக்கொண்டு வந்தாளானால் திட்டாதீர்கள். பல்லாங்குழியை எடுத்துக் கொடுங்கள். குழிக்குப் பதினேழு முத்து வரும்.