புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! – கனடியப் படைச் சின்னங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது, முதல் உலகப்போரில் தன் அப்பா அணிந்த தொப்பிச் சின்னத்தை என்னிடம் கொடுத்தார். மேப்பிள் இலை, அதன்மேல் கிரீடம், கீழே ‘கனடா’ என்ற எழுத்து. கறுத்துக் கிடக்கிறது. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா? அவர் எந்தப் பட்டாலியன் (காலாட்படைப் பிரிவு) என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? – பிராம்டன் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. புளி, எலுமிச்சை, பிராஸ்ஸோ மாதிரி உலோகப் பாலிஷ் எதுவுமே வேண்டாம். அந்தக் காலத்துக் கனடியச் சின்னங்கள் பலவற்றைச் செய்யும்போதே பழுப்பு நிறம் ஏற்றித்தான் அனுப்பினார்கள். நீங்கள் அழுக்கு என்று நினைப்பது அந்தப் பழுப்பாகவே இருக்கலாம். தேய்த்தால் போய்விடும், திரும்ப வராது. ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள்: இலையின் நரம்புகள், கிரீடத்தின் விளிம்பில் கடுகைவிடச் சின்ன மணிகள். துணி முதலில் தின்பது இவற்றைத்தான். கடைகளில் பளபளவென்று கிடக்கும் சின்னங்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இலை மொழுமொழுவென்று ஆகியிருக்கும், எழுத்தின் இடுக்கில் பாலிஷ் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும்.

பச்சைக் களிம்பு இருந்தால் மட்டும் கை வைக்கலாம். கூரான மரக்குச்சியால், தண்ணீர் இல்லாமல், லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே மெல்லக் கிளப்பி எடுங்கள். உலோக ஊசி கூடாது.

பட்டாலியன் விஷயத்துக்கு வருகிறேன். எண் இல்லாத இந்த இலைச் சின்னம் பொதுவானது. பல பிரிவினர் அணிந்தார்கள். எண் இருந்தாலும் முழுக்க நம்ப முடியாது. கனடா அந்தப் போருக்கு 260 காலாட்படைப் பட்டாலியன்களுக்கு எண் கொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்து போனதும் கலைக்கப்பட்டன. ஆட்களை வேறு பட்டாலியன்களுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகவே ஊரில் குத்திக்கொண்ட எண் வேறு, போர்முனையில் நின்ற எண் வேறு.

ஆனால் உங்களிடம் சின்னத்தைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது: அவர் பெயர். பாட்டியிடம் முழுப் பெயரையும் பிறந்த ஊரையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். ஒட்டாவாவில் உள்ள தேசிய நூலக ஆவணக் காப்பகம் அந்தப் போரின் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினரின் கோப்புகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. 2018-ல் அந்த வேலை முடிந்தது. பார்க்கக் காசு கிடையாது. படையில் சேர்ந்த அன்று எழுதிக்கொடுத்த தாளில் தொழில், உயரம், கண்ணின் நிறம், நெருங்கிய உறவினர் பெயர் எல்லாம் இருக்கும். அதை அச்செடுத்துச் சின்னத்தோடு சேர்த்து வையுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் அடுத்தவர் கைக்குப் போகும்போது இது வெறும் செம்புத் துண்டுதான்.

கேள்வி: ‘1916-ஆம் ஆண்டுச் சின்னம், அசல்’ என்று சொல்லி ஒருவர் விற்கிறார். நம்பலாமா? – ஸ்காபரோ வாசகர்

பதில்: முதலில் கிரீடத்தைப் பாருங்கள். 1901 முதல் 1950-களின் தொடக்கம் வரை அரசர்கள் காலத்துக் கிரீடம். அதன் வளைவுகள் மேலே உருண்டு எழும்பும். எலிசபெத் அரசி வந்தபின் உச்சியில் வளைவு உள்வாங்கிக் குழியும். 1916 என்று சொல்லும் சின்னத்தில் குழிந்த கிரீடம் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். (2023-ல் கனடாவுக்கென்றே புதிய கிரீடம் வெளியிட்டார்கள்: மேப்பிள் இலைகளும் உச்சியில் ஒரு பனித்துகளும். இன்று வரும் சின்னங்களையும் ஒன்றிரண்டு எடுத்து வையுங்கள். பிறகு தேட வேண்டியிருக்காது.)

அடுத்தது பின்பக்கம். தகட்டை அச்சில் அடித்துச் செய்த சின்னத்தின் முதுகில் முன்பக்க உருவம் குழிவாகத் தெரியும். போலிகள் பல வார்ப்பில் செய்தவை: கனமாக இருக்கும், ஊசித்துளை மாதிரிப் புள்ளிகள் இருக்கும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். சின்னத்தைத் துணியில் மாட்டுவதற்கான முதுகுப்பக்கக் கொக்கி வளையங்களைப் புதிதாகப் பற்றவைத்த தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். வின்னிபெக் டிங்வால், பர்மிங்ஹாம் டிப்டாஃப்ட் என்று செய்தவர் முத்திரை இருப்பது நல்ல அறிகுறி. ஆனால் முத்திரையையும் போலியாகச் செய்ய முடியும். எனவே அதை மட்டும் பார்த்துப் பணத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11 அன்று என் மகன் இந்தச் சின்னங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு பள்ளிக்குப் போகலாமா? – அஜாக்ஸ் வாசகி

பதில்: சேர்த்து வைப்பதற்குத் தடை இல்லை. ஆனால் படைச் சீருடையையோ அதைப்போன்ற உடையையோ அணிவதும், தான் பெறாத போர்ப் பதக்கத்தைக் குத்திக்கொள்வதும் குற்றவியல் சட்டத்தின் 419-ஆம் பிரிவில் வருகின்றன. சின்னத்தை ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். சட்டைக்கு அன்று எல்லோரும் குத்திக்கொள்ளும் சிவப்புப் பாப்பிப் பூ போதும்.

கேள்வி: ஓக் மரப்பெட்டியில் கம்பளித் துணி விரித்து, பேஸ்மென்ட்டில் காட்சிக்கு வைத்திருக்கிறேன். சரிதானே? – மார்க்கம் வாசகர்

பதில்: பார்க்க அழகாக இருக்கும், சின்னங்களுக்குத்தான் ஆகாது. ஓக் மரம் அமில ஆவியை விடும். ஈயம் கலந்தவற்றை அது அரித்துவிடும். கம்பளியில் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுப்பாக்கும். பேஸ்மென்ட்டில் கோடையில் ஈரம் ஏறும். மெல்லிய பிவிசி உறைகளும் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துச் செம்பில் பச்சை பிடிக்கும். மேல்மாடியில், நேர்வெயில் படாத சுவரில், கண்ணாடி மூடி போட்ட ஆழமில்லாத பெட்டி போதும். உள்ளே பாலிஎதிலீன் நுரைத் தகட்டில் கத்தியால் கீறல் போட்டு, வளையங்களை அதில் செருகுங்கள். பசை கூடவே கூடாது. வளையத்தை மடக்கினால் ஒடியும். ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன எண், அதே எண்ணுக்கு ஒரு நோட்டுப்புத்தகத்தில் யாரிடம், எப்போது, எங்கே வாங்கியது என்ற விவரம்.

கேள்வி: புதிதாகத் தொடங்குகிறேன். 260 பட்டாலியன்களின் சின்னங்களையும் சேர்த்துவிட முடியுமா? – ஓஷாவா வாசகர்

பதில்: ஆசை நல்லதுதான், ஆனால் அந்த வழி வேண்டாம் என்பேன். ஒரே ஒரு ரெஜிமென்ட்டை, அதாவது தனிப் பெயரும் மரபும் உள்ள ஒரு படைப்பிரிவை, எடுங்கள். உதாரணமாக, 1914-ல் ஹாமில்டன் கால்ட் என்ற மொன்றியல் செல்வந்தர் 1 லட்சம் டாலர் கொடுத்து எழுப்பிய இளவரசி பேட்ரீஷியா ரெஜிமென்ட். அதன் முதல் சின்னத்தில் கால்ட் தன் மனைவிக்காக வைத்த டெய்சிப் பூ. பின்னால் அந்த இடத்துக்கு இளவரசியின் பெயரெழுத்துகள் வந்தன. ஒரு ரெஜிமென்ட்டின் நாலைந்து சின்னங்களை வரிசையாக வைத்தால் நூறாண்டு கண்முன் நிற்கும்.

அல்லது உங்களுக்கு நெருக்கமான மனிதர்களைப் பின்தொடருங்கள். 1916-ல் கறுப்பின வீரர்களைக் கொண்டு அமைந்த 2-ஆம் கட்டுமானப் பட்டாலியன் இருக்கிறது. அவர்கள் பட்ட அவமதிப்புக்கு அரசு 2022-ல்தான் மன்னிப்புக் கேட்டது. ஒன்டாரியோவின் 20-ஆம் பட்டாலியனில் போரிட்டு, 1919-ல் இறந்து, கிச்சனரில் அடக்கமான சீக்கியர் புக்கம் சிங் இருக்கிறார். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் டொரண்டோ காசா லோமா மாளிகைக்குப் போங்கள். மாடியில் குயின்ஸ் ஓன் ரைஃபிள்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. மாளிகையைக் கட்டிய ஹென்றி பெல்லட் அந்த ரெஜிமென்ட்டின் தளபதியாக இருந்தவர். அசலைக் கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்துப் பழகுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.