மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) சினிமாவில் காட்டுவது போலத்தான் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. வீட்டில் யாரையோ பார்த்துக் குழம்பித்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

'அந்நியன்' படத்தில் வருவது மனச்சிதைவே கிடையாது. ஒரே ஆள் வேறு வேறு ஆளாக மாறுவது ஆளுமைப் பிளவு, அது தனி நோய். 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001) நல்ல படம்தான், குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதில், இந்த நோய் இருந்த கணித மேதை ஜான் நாஷ் கண்ணெதிரே பார்க்கிற நண்பன் படத்துக்காகச் சேர்த்தது. நிஜ நாஷுக்குக் கேட்டவை குரல்கள். குரலைத் திரையில் காட்ட முடியாதென்று ஆளாக்கிவிட்டார்கள்.

இந்த நோய் வந்தவருக்கு, யாரும் பேசாமலே கேட்கும் குரல்கள் பல நேரம் அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்: "எந்திரிக்கிறான் பாரு, செருப்ப மாட்டுறான் பாரு." ஆடி மாதக் கோயில் குழாய் ரேடியோ தன்னைத்தான் ஏசுகிறது என்று ஜன்னலைச் சாத்துவார். சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று முகர்ந்து பார்த்துத் தட்டைத் தள்ளுவார்.

இன்னொரு பாதியைப் படங்கள் தொடுவதே இல்லை. குளிக்க மாட்டார். மடை திறக்கப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்திருப்பார். எது கேட்டாலும் ஒற்றைச் சொல், முகத்தில் சிரிப்பும் இல்லை அழுகையும் இல்லை. வீட்டில் 'சோம்பேறி' என்பார்கள். அரிவாளைத் தூக்கினால்தான் நோய் என்று சினிமா பழக்கிவிட்டதால் மாதக்கணக்கில் வைத்தியம் தள்ளிப்போகிறது. இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை.

திரையில் ஒரே ஊசியில் தெளிந்துவிடுவார்கள். நிஜத்தில் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற மாத்திரைகளால் தூக்கமும் பதற்றமும் முதலில் சீராகும்; குரல்கள் அடங்கச் சில வாரங்கள் பிடிக்கும். கை நடுங்கினாலோ உடம்பு விறைத்தாலோ டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பும். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கித் துப்புகிறவர்களுக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு.

கட்டிலில் கட்டிவைத்துத் துடிக்கத் துடிக்க ஷாக் கொடுக்கும் காட்சியையும் நம்பாதீர்கள். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமே தடுக்கிறது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று காமெடி எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்; அந்தச் சொல்லுக்குப் பயந்தே பலர் வெளிநோயாளிச் சீட்டு வாங்குவதில்லை.

மனநோய் தீர வேண்டித் தங்கும் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு 48 நாள் அழைத்துப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. போங்கள், மாத்திரை டப்பாவும் கூடவே போகட்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.